அடக்கி வைத்த சிரிப்பு

'செம்மீன்' பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் பரீக்குட்டியில் ஆரம்பித்துப் பரீக்குட்டியிலேயே முடிந்துவிடுகிறது. காரணம் தெரிந்ததுதான். 1965இல் ராமு காரியாட் எடுத்த படம், சலீல் சௌத்ரியின் இசை, மன்னா டேயின் குரல். நிலவொளியில் கடற்கரையில் பாடியபடி நிற்கும் ஒரு காதலன். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய நாவலை, சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தவர்கள்கூட அந்தப் படத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் அது ஒரு காதல் கதை. மதம் குறுக்கே நின்றது, கடல் கொண்டுபோனது. அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் நண்பர்களின் வாசிப்புக் கூடுகை ஒன்றில் இந்த நாவலை எடுத்துக்கொண்டோம். எல்லோரும் காதலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி மட்டும் கொஞ்சம் எரிச்சலோடு கேட்டார்: "அதெல்லாம் சரி. இந்தக் கறுத்தம்மா எதுக்கு இவ்ளோ ஜாக்கிரதையா இருக்கா? ஒரு தடவையாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நாவலின் நடுவில் இருப்பது காதலைவிட அந்த ஜாக்கிரதைதான் என்று எனக்கும் பல காலமாகத் தோன்றிக்கொண்டிருந்தது. நான் பொன்னேரிக்காரன். எனக்குத் தெரிந்த மீனவ ஊர்கள் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி இருப்பவை. கறுத்தம்மாவை வாசிக்கும்போதெல்லாம் கேரளக் கடற்கரையைவிட அந்த ஏரிக்கரைதான் என் மனதில் வரும். அதனால் இந்தக் கட்டுரை இரண்டு கரைகளுக்கும் இடையே கொஞ்சம் போய்வரும்.

1

நாவல் ஒரு சிரிப்பில் தொடங்குகிறது. கரையேற்றிய தோணியின் ஓரத்தில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா தோணியும் வலையும் வாங்கப்போகிறார் என்கிறாள். பணம் போதவில்லை, தருவீர்களா என்று விளையாட்டாகக் கேட்கிறாள். சிரிப்பு வருகிறது. அடக்க முடியாத, காரணம் சொல்ல முடியாத சிரிப்பு. பரீக்குட்டியின் பார்வை தன் உடம்பில் விழுவதை உணர்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. அங்கிருந்து ஓடிவிடுகிறாள்.

முதல் சில பக்கங்களில் வந்துபோகும் அந்தச் சிரிப்பு, பிறகு நாவல் முழுக்க அதே போல வருவதே இல்லை. அம்மா சக்கி அவளை உட்காரவைத்துக் கடலம்மாவின் கதையைச் சொல்கிறாள். முதல் மீனவன் புயலில் சிக்கியபோது அவன் உயிரைக் காப்பாற்றியது கரையில் நின்று தவம் செய்த அவன் மனைவியின் கற்பு. கடலுக்குப் போகிறவனின் உயிர் கரையில் இருப்பவளின் கையில். அன்றிலிருந்து கறுத்தம்மா தன் நடையை, பார்வையை, சிரிப்பை எல்லாம் எண்ணி எண்ணிச் செலவழிக்க ஆரம்பிக்கிறாள்.

இதைப் படித்துவிட்டுப் பலரும் தொன்மத்தின் மீது பாய்கிறார்கள். கற்பு என்ற பெயரில் ஒரு பெண்ணைப் பூட்டிவைக்கும் கதை என்கிறார்கள். அது சரிதான். ஆனால் கறுத்தம்மாவை உண்மையில் பூட்டிவைப்பது தொன்மத்தைவிடக் கடன்.

விளையாட்டாகக் கேட்ட பணத்தைப் பரீக்குட்டி உண்மையாகவே கொடுத்துவிடுகிறான். அவள் அப்பன் செம்பன்குஞ்சு வாங்கிக்கொள்கிறான். தோணி வந்ததும் அவன் வேறு ஆளாகிவிடுகிறான். முதல் பாட்டைப் பரீக்குட்டிக்குக் கொடுக்காமல் கையில் காசு வைத்திருப்பவனுக்கு விற்கிறான். பரீக்குட்டியின் வியாபாரம் படுத்துவிடுகிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் கறுத்தம்மா அம்மாவிடம் நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள்: அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நாவலில் அவள் மிகப் பிடிவாதமாக நிற்கும் விஷயம் இதுதான். காதலனோடு சேர்த்து வையுங்கள் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. கடனை அடையுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

ஏன்? கடன் தீர்ந்தால்தான் அவள் சிரித்தது வெறும் சிரிப்பாக இருக்கும். தீராதவரை அந்தச் சிரிப்புக்கு விலை உண்டு, அந்த விலை அவள் தலையில். கறுத்தம்மாவுக்கு அப்பனைவிட நன்றாகக் கணக்குத் தெரியும். அவளுடைய ஜாக்கிரதையின் முதல் பெயர் கணக்கு.

பொன்னேரியில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த கூடைக்காரம்மா ஒருவர் இருந்தார். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம். எங்கள் வாசலில் கூடையை இறக்கிவிட்டால் பத்து நிமிடம் உட்கார்ந்து உலகக் கதையெல்லாம் பேசி வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒருமுறை என் அம்மா, "ஊர்லயும் இப்டித்தான் சிரிப்பீங்களா?" என்று கேட்டார். "அங்க எங்கம்மா? சிரிச்சதுக்கெல்லாம் கணக்குக் கேக்கற ஊரு அது" என்றார் அவர், மடவையைச் செதில் சீவிக்கொண்டே. அதில் புகார் எதுவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வது மாதிரி ஒரு தகவல். செம்மீனை முதன்முதலில் படித்தபோது கறுத்தம்மாவின் குரல் எனக்கு அந்தக் குரலாகத்தான் கேட்டது.

2

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்போம். கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் ஏங்கும் பெண் என்று ஒரு சித்திரம் மனதில் பதிந்திருக்கும். ஆனால் சங்க நெய்தல் பாடல்களை வரிசையாகப் படித்தால் ஆழ்கடலைவிட அதிகம் கண்ணில் படுவது கழியும் கானலும்தான். உப்பங்கழி, அதன் ஓரத்துத் தாழை, புன்னை நிழல், மாலையில் கூம்பும் நெய்தல் பூ. அதாவது நெய்தலின் அகம் பெரும்பாலும் ஒரு பழவேற்காட்டில்தான் நடக்கிறது. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில், உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில்.

அந்தப் பாடல்களில் ஜாக்கிரதைக்கு ஓர் உச்சம் உண்டு. நற்றிணை 172. தலைவி சிறுமியாகத் தோழியரோடு விளையாடியபோது மணலில் அழுத்திவைத்த புன்னை விதை முளைத்து மரமாகிவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த மரம். இது உன் தங்கை, உன்னைவிடச் சிறந்தவள் என்று தாய் சொல்லியிருக்கிறாள். எனவே இந்த மரத்தடியில் நின்று உன்னோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது என்று தலைவனிடம் சொல்லப்படுகிறது. மனிதர்கள் யாரும் பார்க்கவில்லை. ஒரு மரம் பார்க்கிறது. அதற்கும் கூச்சம்.

இங்கும் சிரிப்புதான் பிரச்சினை என்பதைக் கவனியுங்கள். ஆனால் கறுத்தம்மாவுக்கும் இவளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பாடலில் பேசுவது தலைவி அல்ல, தோழி. தன் வாயால் சொல்லாமலே தன் மனம் தலைவனுக்குப் போய்ச் சேர அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. சங்க அகத்தில் பெண்ணின் அடக்கம் அழகாகத் தெரிவதற்குக் காரணம் பக்கத்தில் வாயாடும் தோழி ஒருத்தி இருப்பதுதான். அவள் கடிந்துகொள்வாள், கேலி செய்வாள், வரைந்துகொள் என்று நெருக்குவாள். ஊர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசினால் அலர். அந்த அலரைக்கூடத் திருமணத்தை விரைவுபடுத்தும் கருவியாக மாற்றிவிடுவாள் தோழி.

கறுத்தம்மாவுக்குத் தோழி இல்லை. ஒரு நெய்தல் நாவலில் தோழியே இல்லாமல் போனதுதான் செம்மீனின் பெரிய துயரம் என்று நான் நினைக்கிறேன். அம்மா இருக்கிறாள். ஆனால் அம்மாவின் வேலை எச்சரிப்பது. தங்கை பஞ்சமி இருக்கிறாள், சின்னப் பெண். அலர் மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. அதுவும் திருமணத்துக்குப் பிறகு வருகிறது, அதாவது அதனால் எந்த நன்மையும் விளைய முடியாத காலத்தில்.

தோழி இல்லாத தலைவி என்ன செய்வாள்? தோழியின் வேலையையும் தானே செய்வாள். தன்னையே கடிந்துகொள்வாள், தனக்கே அறிவுரை சொல்வாள், தன்னையே காவல் காப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் அமைதி. உள்ளே இரண்டு ஆள் வேலை.

3

இனி பழவேற்காட்டுக்கு வருகிறேன். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரமும் கடலோடு சேரும் முகத்துவாரமும் தமிழ்நாட்டில். சுற்றுலாக்காரர்களுக்கு இது பூநாரைகளும் டச்சுக் கல்லறைகளும் உள்ள ஊர். மீனவக் குடும்பங்களுக்கு இறால், நண்டு, மடவை. எல்லாவற்றுக்கும் மேலே 'பாடு'.

பாடு என்பது இங்கே மீன்பிடி உரிமையை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறாலுக்கு வலை கட்டும் முறையைக் கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்கள் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டு வந்திருக்கிறார்கள். இதில் இடமில்லாத ஊர்கள் உரிமை கேட்டுச் சண்டைகளும் நடந்திருக்கின்றன. ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், பொதுவாக வளத்தைச் சமமாகப் பகிரும் நல்ல முறை என்றும் சிலரை வெளியே நிறுத்தும் முறை என்றும்.

இலக்கிய வாசகனாக எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு விவரம். இந்தக் கரையில் ஊர்க் கணக்கின் அலகு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். கல்யாணம் ஆனால்தான் ஊரில் ஒருவன் முழு ஆளாகிறான். வரி, பங்கு, முறை எல்லாம் அதன் பிறகு. ஒரு பெண் கழுத்தை நீட்டினால்தான் ஓர் ஆணுக்குத் தண்ணீரில் இடம் கிடைக்கிறது என்று இதைத் திருப்பிப் போட்டுச் சொல்லலாம். அந்த இடம் அவன் பெயரில். அவளுக்குத் தனியாக அதில் எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி தன் திருமணத்தைப் பற்றி ஜாக்கிரதையாக இருப்பதை வெறும் மனப்போக்கு என்று எப்படிச் சொல்வது? அவள் காப்பாற்றுவது ஒரு புருஷனை மட்டுமல்ல. வலை போடும் முறையை, கூடையில் எடுத்துப் போகும் இறாலை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவை. தமிழில் பாடு என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருள் இருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செம்மீனில் இந்த இடத்தைத் தகழி துல்லியமாகப் பிடித்திருக்கிறார். கறுத்தம்மாவைப் பற்றி அலர் பரவியதும் ஊர் அவளை ஒன்றும் செய்வதில்லை. பழனியைத் தோணியில் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. அவள் மீதான சந்தேகம் அவன் வேலையைப் பறிக்கிறது. கடலில் அவனுக்கு இணையான ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவன் தன்னந்தனியாகச் சின்னத் தோணியில் தூண்டில் போடப் போகிறான். கடலம்மாவின் சீற்றம் எல்லாம் அப்புறம். முதலில் சீறியது பக்கத்து வீட்டுக்காரர்கள். தொன்மத்தின் பின்னால் ஒரு பொருளாதாரத் தண்டனை இருக்கிறது என்பதை நாவல் காட்டிவிடுகிறது. ரண்டிடங்கழியும் தோட்டியின் மகனும் எழுதிய யதார்த்தவாதி செம்மீனில் கற்பனாவாதத்துக்குப் போய்விட்டார் என்ற பழைய குறை இந்த இடத்தில் செல்லாது.

4

பழனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காதல் கதையாகப் படிப்பவர்கள் அவனைத் தடைக்கல்லாகப் பார்க்கிறார்கள். அநாதை. அவனுக்குக் கடலைத் தவிர யாருமில்லை. யாரும் அவனுக்காகக் காத்திருந்ததில்லை, சோறு எடுத்து வைத்ததில்லை. திருமண நாளில் சக்கி மயங்கி விழ, மகளை விட்டுவிட்டுப் போ என்று செம்பன்குஞ்சு கேட்க, பழனி அவளை அழைத்துக்கொண்டு போகிறான். சக்கியும் போ என்கிறாள். தாயைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்த குற்றவுணர்ச்சியில் தொடங்குகிறது அந்த வாழ்க்கை.

திருக்குன்னப்புழைக் குடிசையில் அவர்கள் குடும்பம் நடத்தும் பக்கங்களைத்தான் நான் அதிகம் திரும்பப் படித்திருக்கிறேன். அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அவள் சமைக்கிறாள், அவன் வருகிறான், சட்டி பானை சேர்கிறது. இரண்டு பேருமே அதிகம் பேசாதவர்கள். அவளுக்கு அவன் மீது அன்பு வருகிறது. பாசாங்கில்லாத அன்பு. ஆனால் அந்த அன்புக்குள் தளர்ந்து உட்கார அவளால் முடியவில்லை. ஏதாவது சொல்லிவிடுவோமோ, தூக்கத்தில் பேர் வந்துவிடுமோ என்ற காவல் ஓயவே ஓயாது. பரீக்குட்டி சக்கி இறந்த செய்தியைச் சொல்ல வருவதும் அலருக்கு இன்னொரு கைப்பிடி ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கும் பொதுவான வாசிப்புக்கும் வித்தியாசம். கறுத்தம்மாவின் நிறைவேறாத ஏக்கம் பரீக்குட்டி என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பரீக்குட்டியோடு அவள் வாழ்ந்திருந்தால் வேறு வகையான ஜாக்கிரதை தேவைப்பட்டிருக்கும், மதம் மாறியவள் என்று இன்னும் பெரிய அலர் எழுந்திருக்கும். அவள் ஏங்கியது அந்த முதல் காட்சியின் சிரிப்புக்கு. கணக்கு வைத்துக்கொள்ளாமல் ஒரு நிமிடம் இருப்பதற்கு. அது எப்போதோ பரீக்குட்டியின் பக்கத்தில் நின்றபோது நடந்தது என்பதால் அவன் பெயர் அதன் மீது ஒட்டிக்கொண்டுவிட்டது. பழனியும் அவளிடம் அதைத்தான் எதிர்பார்க்கிறான் என்பது இன்னும் துயரமானது. அவனுக்கு வேண்டியது கற்புள்ள மனைவி என்பதைவிடத் தன்னோடு தளர்ந்து இருக்கும் ஒரு மனுஷி. கடைசியில் அவன் நேராகக் கேட்க, அவள் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். அந்தத் திருமணத்தில் அவள் ஜாக்கிரதை இல்லாமல் பேசிய தருணம் அது. அன்று இரவே எல்லாம் முடிந்துவிடுகிறது.

5

அந்த முடிவோடு எனக்குச் சண்டை உண்டு.

பரீக்குட்டி இரவில் வந்து அழைக்கிறான், அவள் போகிறாள். அதே நேரம் கடலில் பழனியின் தூண்டிலில் சுறா சிக்கி அவனை இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு ஒரு கரையில் தழுவிய நிலையில் இரண்டு உடல்கள் ஒதுங்குகின்றன, இன்னொரு கரையில் தூண்டில் விழுங்கிய சுறா. காட்சியாக இதற்கு ஈடு கிடையாது. ஆனால் நாவல் அதுவரை பொறுமையாகச் சேர்த்துவைத்த கணக்கை இங்கே கடலிடம் கொடுத்துத் தீர்த்துவிடுகிறது. அவள் போனாள், அவன் செத்தான். தொன்மம் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. ஊரின் அலர் சரி என்று கடலே சாட்சி சொல்லிவிட்டது.

அதைவிட முக்கியம், கறுத்தம்மாவுக்கு மிகக் கடினமான ஒன்று அவளிடமிருந்து பறிக்கப்படுகிறது. மறுநாள் காலை. சொல்லியாகிவிட்டது, புருஷனுக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை அழுகிறது, அடுப்பு மூட்ட வேண்டும். அந்தக் காலையை அவள் எப்படிக் கடந்திருப்பாள் என்பதுதான் நான் படிக்க விரும்பும் பக்கம். சாவு அந்தப் பக்கத்தை எழுதவிடாமல் செய்துவிட்டது.

வண்ணநிலவன் அந்தப் பக்கத்தை எழுத முயன்றவர். 1977இல் வெளிவந்த 'கடல்புரத்தில்' நாவலில் பிலோமியின் சாமிதாஸ் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அம்மா மரியம்மை இறந்துபோகிறாள். வாத்தியோடு பழகியதற்காக ஊர் வாயில் விழுந்தவள் அந்த அம்மா, ஜாக்கிரதை என்ற சொல்லுக்கே எதிர்ப்பதம். பிலோமி சாவதில்லை. அவளை ஒரு கடலும் கொண்டுபோவதில்லை. அம்மாவின் சிநேகிதரான வாத்தியிடமே அவளுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. யார் மீதும் பெரிய வன்மம் இல்லாமல் அடுத்த நாளுக்குள் நுழைகிறாள். செம்மீனின் வீச்சு கடல்புரத்தில் நாவலுக்கு இல்லை. ஆனால் ஏங்கிய பெண் பிழைத்திருக்கவும் முடியும் என்று அது நம்புகிறது. அந்த நம்பிக்கைக்காக அதை ஒரு படி மேலே வைப்பேன்.

கழிமுகத்துக் கதைக்கு அந்த நம்பிக்கை இன்னும் பொருந்தும். ஏரி ஆழ்கடல் இல்லை. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். போனவன் சில மணி நேரத்தில் திரும்பிவிடுவான். பெண்களும் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரையிலான உப்பங்கழிகளில் இருளர் பெண்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் தண்ணீருக்கடியில். பிடித்ததைப் போடும் கூடை பல்லில். கரையில் தவமிருப்பவள், கடலில் போராடுபவன் என்ற பிரிவினை இங்கே எடுபடாது. எனவே அவளைக் காப்பாற்றவோ தண்டிக்கவோ ஒரு புயல் வராது. ஆசையும் அலரும் கல்யாணமும் முப்பது நாற்பது வருடம் ஒரே வீட்டில் புழங்க வேண்டியிருக்கும்.

தோழியின் கேள்விக்கு என் பதில் இதுதான். கறுத்தம்மா ஜாக்கிரதையாக இருந்தது கோழைத்தனத்தால் என்றால் அவளுக்குத் தெரிந்திருந்த கணக்கை நாம் பார்க்கவில்லை என்று அர்த்தம். தியாகத்தால் என்றால் இன்னும் மோசம், அந்தக் கணக்குக்குப் பூமாலை போடுகிறோம். காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தோணி இறக்குபவனை நாம் கோழை என்றோ தியாகி என்றோ சொல்வதில்லை, தொழில் தெரிந்தவன் என்கிறோம். அதே மரியாதையை அவளுக்கும் கொடுத்துப் படித்தால் நாவல் வேறு மாதிரித் திறக்கிறது. அப்போதுதான் அவள் இழந்தது எவ்வளவு என்பதும் தெரியும். தொழில் தெரிந்தவனுக்குக் கரைக்கு வந்தபின் ஓய்வு உண்டு. அவளுக்கு இல்லை.

செம்மீனின் கடைசிப் பக்கங்களில் பஞ்சமி அக்காவின் குழந்தையை வைத்துக்கொண்டு கரையில் அழுதபடி நிற்கிறாள். பெரும் சாவுகளின் ஓரத்தில் அவளை யாரும் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்தான். பரீக்குட்டியைப் பற்றி அக்கா விசாரித்தது அவளிடம்தான். இனி அந்தக் குழந்தையை அவள் வளர்க்க வேண்டும். பெண் குழந்தை. ஒருநாள் அது ஏதோ ஒரு தோணி மறைவில் காரணமில்லாமல் சிரிக்கும். அப்போது பஞ்சமி கடலம்மாவின் கதையைச் சொல்வாளா, சும்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் சிரிப்பாளா? கழிமுகத்திலிருந்து ஒரு நாவல் வந்தால் அது அந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.